வில்லன் முதுகு காட்டுகிற இடம்

பழிவாங்க வேண்டுமென்றால் ஆளைத் தேடி அலைய வேண்டும், கையில் ஆயுதம் வேண்டும், துணைக்கு நாலு தடியர்கள் வேண்டும் என்று நினைப்பவர்கள் எல்லாம் சினிமா பார்த்துக் கெட்டுப்போனவர்கள். உதட்டம்மாவுக்கு அந்தச் சிரமம் எதுவும் இருக்கவில்லை. பழிவாங்கப்பட வேண்டிய ஆள் தன் காலாலேயே ஒலிப்பதிவுக் கூடத்துக்கு நடந்து வந்து, செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, கண்ணாடி அறைக்குள் போய் மைக்குக்கு முன்னால் நின்றான். அவன் அவளுடைய கூடப்பிறந்த அண்ணன்.

வயதில் மூத்தவரை அவன் இவன் என்று சொல்வது மரியாதை இல்லைதான். ஆனால் பதினோரு வருஷமாக அவள் மனசுக்குள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். நாம் இந்தக் கதையில் அவள் கட்சி. அதனால் நாமும் அப்படியே சொல்லிவிட்டுப் போவோம்.

உதட்டம்மா என்பது அம்மா அப்பா வைத்த பெயர் இல்லை. வேற்றுமொழிப் படங்களுக்குத் தமிழில் வசனம் எழுதுவதும், குரல் கொடுக்க வருகிறவர்களைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து வேலை வாங்குவதும் அவள் தொழில். திரையில் இருக்கிறவன் உதட்டை மூடினால் தமிழிலும் உதடு மூட வேண்டும், அவன் வாயைப் பிளந்தால் தமிழும் வாயைப் பிளக்க வேண்டும். இதில் ஒரு இமைப்பொழுது பிசகினாலும் விடமாட்டாள். இந்தியில் வில்லன் ‘பத்லா’ என்று உறுமினால், அதே உதடு மூடித் திறக்கிற நேரத்துக்குள் ‘பழி’ என்று போட்டுவிட்டு, சாப்பிட்ட திருப்தியோடு நாற்காலியில் சாய்ந்துகொள்வாள். இப்படி ஊரார் உதட்டையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தவளுக்குக் கூடத்தில் உள்ளவர்கள் வைத்த பெயர்தான் அது. நேரில் மட்டும் மேடம் என்பார்கள்.

அண்ணனுக்கு அங்கே பெயர் இடியார். அவன் தொண்டையைச் செருமினாலே கண்ணாடி அதிரும். வில்லன், நீதிபதி, கோபக்கார மாமனார், பேசும் சிங்கம் எல்லாம் அவன்தான். சோப்பு விளம்பரத்தில் கொஞ்சுகிற தாத்தாவும் அவன்தான். ஐம்பத்தாறு வயது. தலைக்கு மை, இடுப்புக்கு பெல்ட், முதுகுக்குத் தைலம்.

இனி பதினோரு வருஷத்துக்கு முன்னால் நடந்ததைச் சொல்லாவிட்டால் கதை நகராது. அப்போது உதட்டம்மாவை யாருக்கும் தெரியாது. வீட்டில் மாமியார், நாத்தனார், இரண்டு பிள்ளைகள், சமையலறை. குரல் கொடுப்பதில் பேர் வாங்கியிருந்த அண்ணன்தான் ஒரு நாள் ஒரு படத்தைக் கொண்டுவந்து கொடுத்தான். "உனக்குத்தான் வாய் நீளமாச்சே, எழுதிப் பாரு" என்றான். குக்கர் விசிலுக்கும் பிள்ளைகளின் சண்டைக்கும் நடுவில் நாற்பத்து மூன்று நாள் உட்கார்ந்து எழுதினாள். அண்ணன் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். "பின்னிட்டே பாப்பா" என்றான்.

படம் வந்த அன்று முதல் காட்சிக்குப் பத்தொன்பது பேரைக் கூட்டிக்கொண்டு போனாள். மாமியார், நாத்தனார், நாத்தனார் வீட்டுக்காரர், எதிர்வீடு, பக்கத்து வீடு, பால்காரர் வரைக்கும். எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாள், திரையில் என் பேர் வரும், கைதட்டிடாதீங்க, எனக்குக் கூச்சமா இருக்கும் என்று. கைதட்ட வேண்டும் என்பதற்காகச் சொன்னதுதான் அது. பெயர்கள் ஓடின. ‘வசனம்’ என்று பெரிய எழுத்தில் வந்தது. அதற்குக் கீழே அண்ணன் பெயர் வந்தது.

மாமியாருக்குக் கண்ணாடி போட்டும் சரியாகத் தெரியாது. "உன் பேர் எப்ப வரும்?" என்று அரங்கம் முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்டார். "வந்து போயிருக்கும்மா, நாமதான் கண் சிமிட்டிட்டோம்" என்று நாத்தனார் உதட்டைச் சுழித்தாள். அதற்கப்புறம் இரண்டரை மணி நேரம் அவள் எழுதிய ஒவ்வொரு நகைச்சுவைக்கும் அரங்கமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அவள் ஒருத்திதான் சிரிக்கவில்லை. பால்காரர் மட்டும் வெளியே வரும்போது, "பரவால்லம்மா, படம் நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். அந்தப் பரிவுதான் எல்லாவற்றையும்விட அதிகமாக வலித்தது.

மறுநாள் போனில் அண்ணன், "யார் பேர் வந்தா என்ன பாப்பா, எல்லாம் நம்ம குடும்பந்தானே" என்றான். அவள் போனை வைத்தாள். பதினோரு வருஷமாக எடுக்கவில்லை. உறவுக்காரர் வீட்டு நல்லது கெட்டதில் அவன் முன்வாசலில் நுழைந்தால் இவள் பின்வாசலில் வெளியேறினாள். இதற்கிடையில் தன் பாட்டில் எழுதி, தன் பெயரைத் தானே சம்பாதித்துக்கொண்டாள். ஆனால் ஒன்று மட்டும் சம்பாதிக்க முடியவில்லை. அவன் வாயால் ஒரு ‘மன்னிச்சிடு’. அது வராமல் தன் நெஞ்சு ஆறாது என்று அவளுக்குத் தெரியும். கேட்டு வாங்கவும் ரோஷம் விடவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் கூடத்தின் முதலாளி அந்தப் பழைய இந்திப் படத்தை வாங்கி வந்தார். ஐம்பது வருஷத்துக்கு முந்திய படம். கதாநாயகனுடைய அப்பா வியர்வை சிந்திக் கட்டிய மாவு மில்லை, வில்லன் ஒரே நாளில் பலகையில் பேரை மாற்றி எழுதித் தன்னுடையதாக்கிக்கொள்கிறான். மகன் வளர்ந்து வருகிறான். கொல்வதில்லை, வெட்டுவதில்லை. ஒரு தொடைநடுங்கி நண்பனைச் சேர்த்துக்கொண்டு, டாக்டராக, பாம்புப் பிடாரனாக, வில்லனுக்குப் பார்த்திருக்கும் பெண்ணாக, ஒன்பது வேஷம் கட்டிக்கொண்டு போய் வில்லனைக் கண்ணில் விரலை விட்டு ஆட்டுகிறான். சண்டை ஒவ்வொன்றும் சிரிப்பு. அடி ஒவ்வொன்றும் வில்லனுக்கு. "வில்லனுக்கு இடியாரைத்தான் சொல்லியிருக்கேன். உங்களுக்கு ஒண்ணும் ஆட்சேபம் இல்லையே?" என்று முதலாளி பயந்துகொண்டே கேட்டார். உதட்டம்மா ஒரு நிமிஷம் யோசித்தாள். அப்புறம் அவள் முகத்தில் வந்த சிரிப்பைப் பார்த்து முதலாளிக்கு இன்னும் பயம் அதிகமாயிற்று.

வசனம் எழுதுகிறவர்களுக்கு ஒரு தனிக் கொண்டாட்டம் உண்டு. நடிகர் முதுகு காட்டுகிற இடம். முகம் தெரியாது, உதடு தெரியாது. அங்கே எதை வேண்டுமானாலும் பேச வைக்கலாம். மூலத்தில் அவன் வாயே திறந்திருக்க மாட்டான், தமிழில் முழுக் கதாகாலட்சேபம் நடத்தியிருப்பான். எந்த மொழிக்காரன் வந்து கேட்கப் போகிறான்? அந்தப் படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, வில்லன் எத்தனை இடத்தில் முதுகு காட்டுகிறான் என்று விரல்விட்டு எண்ணினாள். முப்பத்தொரு இடம். கடைசிக் காட்சியில் மட்டும், மாவில் விழுந்து எழுந்த வில்லன் கதாநாயகனின் அம்மா காலடியில் மண்டியிட்டு, நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருபத்திரண்டு நொடி அழுகிறான். வெறும் அழுகை, பின்னணி இசை, வேறொன்றுமில்லை. உதட்டம்மாவுக்குப் புல்லரித்துப்போயிற்று.

முதல் நாள் காலை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அண்ணன். இந்தப் பக்கம் உதட்டம்மா, பக்கத்தில் ஒலிப்பதிவு இன்ஜினியர். இன்ஜினியர் நல்ல மனிதர், சண்டை என்றால் பத்தடி தள்ளி நிற்பார். அன்று அவருக்கு ஜாதகம் சரியில்லை.

"இன்ஜினியர், அவர்கிட்ட சொல்லுங்க, முதல்ல தும்மல் காட்சி போயிடலாம்னு."

"சார், முதல்ல தும்மல் காட்சி போயிடலாமாம்."

"எனக்கும் காது கேக்குது, தமிழும் தெரியும்னு அவங்ககிட்ட சொல்லுங்க."

"மேடம், சாருக்குக் காது கேக்குதாம், தமிழும்…"

"கேட்டுச்சு, கேட்டுச்சு. டேக்."

மாவு மில்லில் கதாநாயகன் மூட்டையைப் பிரித்துவிட, வில்லன் தும்முகிறான். மூலத்தில் ஏழு தும்மல். ஆனால் பாதிநேரம் புகையாக மாவு பறக்கிறது, முகம் தெரியவில்லை. அதனால் உதட்டம்மா இருபத்தேழு எழுதியிருந்தாள். அண்ணன் தும்மினான். முதல் டேக்கே அருமை. இன்ஜினியர் கட்டைவிரலை உயர்த்தினார். "பத்தொன்பதாவது தும்மல்ல உயிரே இல்ல. மறுபடி" என்றாள் அவள். நாலு முறை எடுத்தாள். நூற்றெட்டு தும்மல். கடைசி டேக்கில் அவன் நிஜமாகவே தும்ம ஆரம்பித்து நிறுத்த முடியாமல் வெளியே போய் மூக்கைச் சிந்திவிட்டு வந்தான்.

அடுத்து தொட்டியில் முங்குகிற காட்சி. தண்ணீருக்குள் பேசுகிற குரல் வர வேண்டும் என்றால் வாயில் தண்ணீரை வைத்துக்கொண்டு பேச வேண்டும், அது தொழிலில் எல்லோரும் செய்வதுதான். மூன்று சொம்பு தண்ணீர் தீர்ந்தது. சட்டை நனைந்தது. அப்புறம் தேனீ துரத்துகிற காட்சி. மூச்சிரைப்பு இயற்கையாக இருக்க வேண்டும் என்று மைக்குக்கு முன்னால் நின்ற இடத்திலேயே ஓட வைத்தாள். பெல்ட் நழுவியது. அப்புறம் கதாநாயகன் பெண் வேஷத்தில் வந்து வில்லனைப் பதினான்கு அறை அறைகிறான். குரல் அதிர்வதற்காகக் கலைஞர்கள் தங்கள் நெஞ்சில் தட்டிக்கொள்வது வழக்கம்.

"நெஞ்சுல தட்டினா சத்தம் பொத்துனு வருதுன்னு சொல்லுங்க இன்ஜினியர். கன்னத்துல அடிச்சுக்கிட்டாத்தான் குரல் சிதறும்."

இன்ஜினியர் இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் சொல்லாமல் கைகளைப் பிசைந்தார். தேவைப்படவில்லை. அண்ணன் கண்ணாடி வழியாக அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பளார் பளார் என்று தன் கன்னத்தில் பதினான்கு அறை வைத்துக்கொண்டான். ஒன்றுகூடக் குறைக்கவில்லை. அறைக்கு ஒரு விதமாக, பதினான்கு விதமான ‘ஐயோ’ கொடுத்தான். கடைசி ‘ஐயோ’வில் ஒரு சின்ன வெட்கம் வேறு கலந்திருந்தது. பெண் கையால் அடி வாங்குகிறோம் என்று வில்லன் நினைக்கிற வெட்கம். அதை அவள் எழுதவே இல்லை. அவளுக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. பேனா விழுந்துவிட்டது என்று மேஜைக்கு அடியில் குனிந்து, அங்கேயே உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டு, முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு எழுந்தாள். "சுமார்தான். பரவாயில்ல" என்றாள். இன்ஜினியர் மேஜைக்கு மேலேயே கிடந்த பேனாவைப் பார்த்துவிட்டு அடுத்த காட்சியை ஓட விட்டார்.

முதுகுக் காட்சிகளும் ஒன்றொன்றாக வந்தன. வில்லன் ஜன்னல் வழியாக வெளியே பார்க்கிறான். மூலத்தில் மௌனம். தமிழில், ‘என் புத்தி சின்ன வயசுலேர்ந்தே மட்டம்தான்’ என்கிறான். வில்லன் படியேறுகிறான். ‘அடுத்தவன் சோத்துல கை வைக்கிறதுல என்னை மிஞ்ச ஆள் இல்ல.’ வில்லன் குதிரையில் ஏறிப் போகிறான். ‘எனக்கெல்லாம் குதிரை ஒரு கேடா?’ அண்ணன் காகிதத்தைப் படிப்பான், புருவத்தை உயர்த்துவான், தொண்டையைச் செருமுவான், சொல்வான். ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. அதுதான் உதட்டம்மாவுக்கு எரிச்சலாக இருந்தது. திருப்பிச் சண்டை போட்டால் அல்லவா இத்தனை வருஷம் நாக்கு நுனியில் வைத்திருந்ததையெல்லாம் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்க முடியும்? வீட்டுக்குப் போனபோது கை நிறைய வாங்கிக்கொண்டு வந்தும் பை காலியாக இருக்கிற மாதிரி இருந்தது. போகட்டும், நாளைக்கு இருக்கிறது இருபத்திரண்டு நொடி என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அந்தப் பக்கத்தை இன்ஜினியர் கையில் கொடுத்து அனுப்பினாள். இன்ஜினியர் நடந்துகொண்டே படித்தார், பாதி வழியில் நின்றார்.

"மேடம், இதுல ‘எழுதினது நீ, பேர் போட்டுக்கிட்டது நான்’னு இருக்கே. இவங்க மாவுதானே அரைக்கிறாங்க? எங்கேர்ந்து எழுத்து வந்துச்சு?"

"மில்லுக்குப் பலகை எழுதுவாங்க இல்ல? அந்த எழுத்து."

"‘பத்தொன்பது பேர் முன்னாடி உன்னைத் தலைகுனிய வெச்சேன்’னு இருக்கு. படத்துல அப்படி யாரும்…"

"முதுகுதானே தெரியுது? குடுத்துட்டு வாங்க."

அண்ணன் படித்தான். படித்து முடித்த பிறகும் காகிதத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டான். "ரெடி" என்றான், அவ்வளவுதான்.

திரையில் வில்லன் மண்டியிட்டான். தலையிலிருந்து மாவு கொட்டியது. அண்ணனின் குரல் எங்கேயோ அடிவயிற்றிலிருந்து எழுந்து வந்தது. எழுதினது நீ. கண் முழிச்சது நீ. பேர் போட்டுக்கிட்டது நான். பத்தொன்பது பேர் முன்னாடி உன்னைத் தலைகுனிய வெச்சேன். தப்பு. மன்னிச்சிடு. இருபத்திரண்டாவது நொடியில், இசை நிற்கிற இடத்தில், அந்தக் கடைசி வார்த்தை கச்சிதமாக வந்து உட்கார்ந்தது. இன்ஜினியர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். உதட்டம்மாவும் ‘ஓகே’ சொல்ல வாயெடுத்தாள். பதினோரு வருஷம் காத்திருந்த வார்த்தை. வந்துவிட்டது.

ஆனால் அந்த நம்பிக்கை மூன்று நொடிகூட நிலைக்கவில்லை. போன வாரம் இதே அறையில், இதே குரல், வேறொரு படத்துக்காகச் செத்துப்போன கப்பல் தலைவனின் மீது விழுந்து இதே மாதிரி அழுததை வெளி ஜன்னல் வழியாக ஒளிந்து பார்த்தது அவளுக்கு ஞாபகம் வந்தது. அதற்கும் இன்ஜினியர் இப்படித்தான் கண்ணைத் துடைத்தார். இவன் தொழிலே இதுதானே. தராசில் நிறுத்துக் கொடுக்கிற மாதிரி இத்தனை கிராம் சோகம், இத்தனை கிராம் மன்னிப்பு. இதை நம்பி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனால் தன்னைவிட ஏமாளி உலகத்தில் இருக்க முடியாது என்று நினைத்தாள்.

"மறுபடி" என்றாள்.

இரண்டாவது டேக்கில் குரலைத் தழைத்தான். மூன்றாவதில் ‘தப்பு’ என்ற இடத்தில் ஒரு விம்மல் வைத்தான். நாலாவதில் விம்மலை எடுத்துவிட்டு மூச்சை மட்டும் விட்டான். ஐந்தாவது நாலாவதைவிட நன்றாக இருந்தது. ஆறாவது, அடடா, அதைக் கேட்ட எந்தத் தங்கச்சியும் ஓடிப்போய் அண்ணன் கையைப் பிடித்துக்கொள்வாள். நன்றாக ஆக ஆக உதட்டம்மாவுக்கு வயிறு பற்றி எரிந்தது. இவனிடம் இன்னும் அறுபது வகை மன்னிப்பு இருக்கிறது, அறுபதையும் எடுத்து விரித்துக் காட்டுவான், ஒன்றுகூடத் தனக்கு இல்லை. தானே வலை பின்னி, தானே அதில் போய் விழுந்திருக்கிறோம் என்று புரிந்தபோது அவளுக்கு அழுகை வந்தது. இன்ஜினியரின் கையைத் தள்ளிவிட்டு, உள்ளே பேசுகிற பொத்தானை அழுத்தினாள்.

"நடிக்காதே!"

அண்ணன் நிமிர்ந்தான். பதினோரு வருஷத்தில் அவள் அவனிடம் பேசிய முதல் வார்த்தை அது.

"நடிக்கத்தானே கூப்பிட்டிருக்கீங்க?" என்றான்.

"யாரைக் கூப்பிட்டது? நானா கூப்பிட்டேன்? முதலாளி கூப்பிட்டார். ஆறு தடவை மன்னிப்பு கேட்டியே, அதுல ஒரு தடவையாவது உனக்கு வெக்கமா இருந்துச்சா?"

இன்ஜினியர் நாற்காலியை மெதுவாகப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டார்.

"இந்தப் பக்கத்தை யார் எழுதினதுன்னு எனக்குத் தெரியாதா?" என்றான் அண்ணன், மெதுவாக.

"நான்தான் எழுதினேன். இந்தப் படத்துல என் பேர்தான் வரும்."

முகத்தில் ஈயாடவில்லை. காகிதத்தை இரண்டாக மடித்தான், நாலாக மடித்தான். பிறகு அதை மைக் கம்பிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, "இன்னொண்ணு போகலாம்" என்றான்.

ஏழாவது டேக். வில்லன் மண்டியிட்டான், மாவு கொட்டியது, இசை ஆரம்பித்தது. அண்ணன் வாயைத் திறக்கவில்லை. இரண்டு நொடி போயிற்று. நாலு நொடி. இன்ஜினியர் உதட்டம்மாவைப் பார்த்தார். நிறுத்தட்டுமா என்று விரல் காட்டினார். அவள் வேண்டாம் என்று தலையசைத்தாள்.

"பாப்பா…"

அது இடியாரின் குரலே இல்லை. சளி பிடித்தவன் கதவிடுக்கில் நின்று பேசுகிற மாதிரி இருந்தது.

"அன்னிக்கு நான்… தியேட்டர்லதான் இருந்தேன். பின்னாடி, கதவுகிட்ட. உங்க மாமியார் கேட்டாங்க இல்ல… அது எனக்கும் கேட்டுச்சு. அது வந்து… தயாரிப்பாளர் படிச்சுட்டு ரொம்பச் சிரிச்சாரு. யாருய்யா எழுதினதுன்னாரு. நான்தான்னு வாயில வந்துருச்சு. சும்மா… ஒரு பெருமைக்கு. அப்புறம் மாத்திச் சொல்ல… சொல்ல எனக்கு… தைரியம் இல்ல பாப்பா. உன் மூஞ்சியைப் பார்க்கவும் தைரியம் இல்ல. தப்புதான். மன்னிச்… மன்னிச்சுடும்மா."

எச்சில் விழுங்குகிற சத்தம் மைக்கில் டொக்கென்று விழுந்தது. அதற்கு மேல் காகிதம் வேறு சரிந்து கீழே விழுந்தது. இருபத்திரண்டு நொடி எப்போதோ முடிந்துவிட்டது. திரையில் வில்லனைத் தூக்கி மாவு வண்டியில் போட்டுவிட்டார்கள். கதாநாயகனின் தொடைநடுங்கி நண்பன் ஆனந்தக் கூத்தாடிக்கொண்டிருந்தான். அந்தக் கூத்தின் மேலேதான் அண்ணனுடைய ‘மன்னிச்சுடும்மா’ போய் விழுந்தது.

இன்ஜினியர் படத்தை நிறுத்தினார். அவருக்கும் நெஞ்சு கனத்துத்தான் இருந்தது, ஆனாலும் தொழில்காரர். "மேடம், இது சுத்தமா ஆகாது" என்றார் தாழ்ந்த குரலில். "தாமதமா ஆரம்பிச்சிருக்காரு, குரல் கம்மியிருக்கு, நடுவுல எச்சில் சத்தம், காகிதச் சத்தம். புதுசா வந்த பையன் இப்படிப் பேசினா வீட்டுக்கு அனுப்பிடுவோம்."

உதட்டம்மாவுக்குக் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. இன்ஜினியர் சொன்னது அத்தனையும் உண்மை. முப்பது வருஷமாகத் தும்மலில்கூடக் குறை வைக்காதவன், பொய் ஒவ்வொன்றையும் பழம் மாதிரி பழுக்க வைத்துக் கொடுப்பவன், வாழ்க்கையிலேயே முதல்முறையாகப் படுமோசமான ஒரு டேக் கொடுத்திருக்கிறான். இவ்வளவு மோசமாக நடிக்க அவனுக்கு வராது. அப்படியானால் இது நடிப்பு இல்லை. இதுதான் தனக்கு வர வேண்டியது. வந்துவிட்டது. பதினோரு வருஷமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று எழுந்து போன மாதிரி இருந்தது. சந்தோஷமாகவே இருந்தது.

"ஏழு ஓகே" என்றாள்.

"மேடம்?"

"ஏழுதான். தியேட்டர், மாமியார், தயாரிப்பாளர் எல்லாத்தையும் வெட்டிடுங்க. ‘எனக்கு தைரியம் இல்ல’ன்னு ஆரம்பிக்கிறார் பாருங்க, அங்கேர்ந்து கடைசி வரைக்கும் எடுத்து அழுகை மேல வைங்க. நேரத்துக்குள்ள வந்துடும்."

"அம்மாவைப் பாப்பான்னு கூப்பிடுறாரே மேடம், வில்லன்?"

"மாவு தலைக்கு ஏறிடுச்சு. விடுங்க."

கண்ணாடி அறைக் கதவைத் திறந்துகொண்டு அண்ணன் ஓடி வந்தான். கண் சிவந்திருந்தது, மூக்கு சிவந்திருந்தது, நேற்று அறைந்த கன்னம் இன்னும் கொஞ்சம் சிவந்திருந்தது. வாசற்படியிலேயே நின்றுவிட்டான்.

"எதை ஓகே பண்ணினே? அதையா?"

"ஆமா."

"பாப்பா, அது உனக்குச் சொன்னது. படத்துக்கு இல்ல. அது கேவலமா இருக்கு! மூக்கடைச்ச மாதிரி இருக்கு. ஆறாவது எவ்வளவு நல்லா வந்துச்சு! ஆறாவதைப் போடு."

"ஆறாவது பொய்."

"சினிமால பொய்தான் நல்லா இருக்கும்! உனக்குத் தெரியாததா? இந்தப் படத்தை எத்தனை பேர் பார்ப்பாங்க தெரியுமா? இடியாருக்குக் குரல் போச்சு, வயசாயிடுச்சும்பாங்க. என் மானமே போயிடும். ஒரே ஒரு டேக். கெஞ்சிக் கேக்குறேன். இன்ஜினியர், நீங்களாவது சொல்லுங்க!"

இன்ஜினியர் எதற்கோ வயர் சுற்ற ஆரம்பித்தார்.

"நேத்து நூத்தெட்டு தும்மினேன். தண்ணி குடிச்சேன். கன்னத்துல அடிச்சுக்கிட்டேன். அதுக்கெல்லாம் சேர்த்து ஒரே ஒரு டேக் குடுக்கக் கூடாதா?"

உதட்டம்மா புடவைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். மூக்கை உறிஞ்சினாள். முதலாளியைப் பயமுறுத்திய அதே சிரிப்பு அவள் முகத்தில் மெல்ல ஏறியது. இந்த முறை மேஜைக்கு அடியில் குனிந்து ஒளித்துக்கொள்ளவில்லை.

"படம் முடிஞ்சதும் குரல் குடுத்தவங்க பேர் ஓடும் இல்லண்ணா? வில்லனுக்கு நேரா உன் பேர் வரும். பெரிய எழுத்துல. நானே பக்கத்துல உக்காந்து, வேற யார் பேரும் மாறி வந்துடாம பார்த்துப் போடச் சொல்றேன்."

அண்ணன் வாயைத் திறந்தான். அந்தத் தொண்டையிலிருந்து சத்தமே வரவில்லை. அப்படியே தலையில் கை வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் கழித்து அவன் தோள் குலுங்கியது. அழுகிறானா சிரிக்கிறானா என்று இன்ஜினியருக்கு விளங்கவில்லை. உதட்டம்மாவுக்கு விளங்கியது. அவளும் போய் அதே படியில், அவன் பக்கத்தில், இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அண்ணி எப்படிண்ணா இருக்காங்க?" என்று கேட்டாள்.